இரண்டங்குல நீர்

எங்கள் இல்லத்தின் பழைய குளியலறையை இடித்துப் பெரிதாக்கி, அதனையடுத்துச் சலவை இயந்திரம் வைப்பதற்கு ஒரு சிற்றறையும் கட்ட முற்பட்டோம். அப்போது சுவரின் மூலையில், தரைமட்டத்திலிருந்து மொட்டைமாடிக்கு மேல்வரை நேரே சென்ற ஒரு குழாய் எங்கள் திட்டத்துக்குக் குறுக்கே நின்றது. கொத்தனார் அதனைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். பின்னர், "பாய், இதில் தண்ணீரே வருவதில்லை. வெறும் காற்றுதான் போகிறது. அறுத்து எடுத்துவிட்டால் அலமாரிக்கு இடம் கிடைக்கும்" என்றார்.

வீட்டிலிருந்த அனைவருக்கும் அது நியாயமாகவே பட்டது. தண்ணீர் போகாத தண்ணீர்க் குழாய் எதற்கு? ஆயினும், முன்னோர் ஒருவர் செலவு செய்து வைத்த ஒன்றை, அது ஏன் வைக்கப்பட்டது என்று அறியாமல் அறுத்தெறிய மனம் ஒப்பவில்லை. அந்தக் காற்றுக் குழாயின் வரலாற்றைத் தேடிச் சென்றபோது, அது ஒரு கடிகாரக்காரரிடமும், ஓர் இளவரசரின் நோய்ப் படுக்கையிடமும், இறுதியில் ஹாங்காங்கில் மாண்ட நாற்பத்திரண்டு உயிர்களிடமும் கொண்டுபோய் விட்டது. அந்த வரலாற்றையே ஈண்டு வாசகர்களுக்குக் கூற விழைகின்றேன்.

கழிவுநீரை வீட்டை விட்டு வெளியேற்றும் கலை மிகத் தொன்மையானது. சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே வீடுதோறும் செங்கல் பாவிய குளியல் தளம் இருந்தது. அதிலிருந்து வழிந்த நீர் தெருவில் ஓடிய மூடப்பட்ட வடிகாலில் சென்று விழுந்தது. நம் பழந்தமிழிலும் நிலத்துக்கடியில் செல்லும் நீர்வழிக்குச் "சுருங்கை" என்றொரு தனிச்சொல் உண்டு. ஆனால், நீர் வெளியே போகும் வழியாகக் காற்று உள்ளே வரும் என்பது பழங்காலத்தில் பெரிய தொல்லையாக இருக்கவில்லை. வீட்டின் முற்றம் திறந்தே கிடந்தது. கழிப்பறையை வீட்டுக்குள்ளே, படுக்கையறைக்குப் பக்கத்திலே கொண்டுவர மனிதன் ஆசைப்பட்ட நாளில்தான் தொல்லை தொடங்கிற்று.

கடிகாரக்காரர் வளைத்த குழாய்

16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் எலிசபெத் அரசிக்கு, அவருடைய ஞானமகனாகிய சர் ஜான் ஹாரிங்டன் நீர் பாய்ச்சிக் கழுவும் கழிப்பறை ஒன்றை அமைத்துக் கொடுத்தார். தொட்டியில் நீர் நிறைந்திருக்கும். திறந்தால் அனைத்தையும் அடித்துச் செல்லும். அந்த விந்தை பரவவில்லை. நீர் போன வழியில் நாற்றம் திரும்பி வந்ததும் அதற்கொரு காரணமாகும்.

ஏறத்தாழ 180 ஆண்டுகள் சென்றபின், 1775 ஆம் ஆண்டில், அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் இதற்கோர் உபாயம் கண்டு காப்புரிமை பெற்றார். அவர் எடின்பரோவில் பிறந்து லண்டனில் கடை வைத்திருந்த கடிகாரக்காரர். கிண்ணத்தின் அடியிலிருந்து இறங்கும் குழாயை, ஆங்கில 'எஸ்' எழுத்தைப் போல் அவர் வளைத்துவிட்டார். அவ்வளவுதான். ஒவ்வொரு முறை நீர் ஓடி முடிந்ததும் அந்த வளைவில் சிறிதளவு நீர் தங்கிவிடும். நீர் போகலாம், ஆனால் தங்கிய நீரைத் தாண்டிக் காற்று வர இயலாது. கதவில்லை, கீலில்லை, தேயக்கூடிய உறுப்பு எதுவுமில்லை. நீரையே நீருக்குக் காவலாக நிறுத்திய பூட்டு அது. இன்று நம் கொத்தனார்கள் "டிராப்" என்று சொல்வது இதனையே. நாம் இதனை நீர்ப்பூட்டு என்போம்.

ஈண்டு வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. இதே கம்மிங், அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1765 ஆம் ஆண்டில், மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்காக ஓர் அரிய கடிகாரம் செய்து கொடுத்திருந்தார். காலத்தைக் காட்டுவதோடு, காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் தாளில் வரைந்து காட்டும் கடிகாரம் அது. காற்றுக்கு எடை உண்டு, அது கூடும் குறையும் என்பதை அந்நாளில் அவரைவிட நன்கறிந்தவர் சிலரே. அவ்வாறிருந்தும், தாம் வளைத்த குழாயிலுள்ள நீரை அதே காற்றழுத்தம் ஒரு நாள் உறிஞ்சிக்கொண்டு போகும் என்பது அவர் காலத்தில் வெளிப்படவில்லை. அது வெளிப்பட நூறாண்டுகள் ஆயின.

இளவரசரின் காய்ச்சல்

19 ஆம் நூற்றாண்டில் லண்டன் மாநகரம் பெருத்தது. நீர்க் கழிப்பறைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. மழைநீருக்கென்று அமைந்த வடிகால்களில் மனிதக் கழிவு திருப்பிவிடப்பட்டது. அவை அனைத்தும் தேம்ஸ் ஆற்றில் சென்று கலந்தன. 1858 ஆம் ஆண்டுக் கோடையில் அந்த ஆறு நாறிய நாற்றத்தை வரலாறு "பெரு நாற்றம்" என்றே பெயரிட்டு அழைக்கின்றது. ஆற்றங்கரையிலிருந்த நாடாளுமன்றத்தின் சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட வேண்டியதாயிற்று. நெடுங்காலம் பணமில்லை என்று தள்ளிப்போட்டு வந்த சட்டம், உறுப்பினர்களின் மூக்கையே தொட்டபின் சில வாரங்களில் நிறைவேறியது! ஜோசப் பாசல்கெட் என்னும் பொறியாளர் 82 மைல் நீளப் பெருஞ்சாக்கடைகளை நிலத்தடியில் கட்டினார். அதன் ஒரு முனையாகிய கிராஸ்னெஸ் நீரேற்று நிலையத்தை 1865 ஆம் ஆண்டு ஏப்ரலில் திறந்து வைத்தவர், பட்டத்து இளவரசராகிய ஆல்பர்ட் எட்வர்ட்.

ஆறு தூய்மை பெற்றது. ஆனால், இவ்வேற்பாட்டில் எவரும் எண்ணிப் பாராத ஒரு விளைவு இருந்தது. நகரின் சாக்கடை முழுவதும் ஒன்றோடொன்று பின்னிய ஒரே உடலாகிவிட்டது. அவ்வுடலுக்கு ஒவ்வொரு வீட்டின் குழாயும் ஒரு வாயாயிற்று. அந்த வாயை மூடி நின்றது, வளைவில் தங்கிய இரண்டங்குல நீர் மட்டுமே.

1871 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அதே இளவரசர், ஸ்கார்பரோ என்னும் கடற்கரை ஊரில், லண்ட்ஸ்பரோ லாட்ஜ் என்ற பிரபுவின் மாளிகையில் விருந்தினராகத் தங்கினார். திரும்பியபின் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. அது டைபாய்டு என்று மருத்துவர்கள் கூறினர். அவருடன் அம்மாளிகையில் தங்கியிருந்த செஸ்டர்பீல்டு பிரபுவும், இளவரசரின் குதிரைப் பணியாளர் ஒருவரும் அதே நோயால் மாண்டனர். இளவரசரின் தந்தை பத்தாண்டுகளுக்கு முன், 1861 டிசம்பர் 14 அன்று மறைந்தபோதும் டைபாய்டு என்றே சொல்லப்பட்டது. மகனும் அதே நாளில் போய்விடுவாரோ என்று நாடே அஞ்சிக் காத்திருந்தது. ஆனால் அந்த டிசம்பர் 14 அன்றுதான் அவருடைய நோய் தணியத் தொடங்கிற்று. 1872 பிப்ரவரியில் செயின்ட் பால் தேவாலயத்தில் நன்றி வழிபாடு நடந்தது.

நோயின் மூலம் யாது என்று தேடியவர்கள், மாளிகையின் குழாய்களைச் சுட்டினர். சாக்கடைக் காற்று அறைக்குள் நுழைந்ததே காரணம் என்றனர். அச்செய்தி செல்வர் இல்லங்களையெல்லாம் அச்சத்தில் ஆழ்த்திற்று. "நம் வீட்டுக் குழாய் எப்படி?" என்ற கேள்வி எழாத மாளிகை இல்லை. குழாய்களைச் சோதிக்கப் புதுமையான முறைகள் தோன்றின. கூரை மேலிருந்து ஒருவர் இறங்குகுழாயில் புதினா எண்ணெயையும் வெந்நீரையும் ஊற்றுவார். மற்றொருவர் கீழே அறை அறையாக மோந்துகொண்டு செல்வார். எந்த அறையில் புதினா மணக்கின்றதோ, அந்த அறையில் பூட்டு திறந்து கிடக்கின்றது என்று பொருள். எண்ணெய் ஊற்றியவர் கீழே வந்தால் அவர் கையிலுள்ள மணமே சோதனையைக் கெடுத்துவிடும். ஆகையால் சோதனை முடியும்வரை அவர் கூரையிலேயே இருக்க வேண்டும்!

பூட்டை உடைத்த காற்று

சோதித்தவர்கள் கண்டது இதுதான்: நீர்ப்பூட்டு இருந்தது, ஆனால் பல வேளைகளில் அதில் நீர் இல்லை.

நீர் எங்கே போயிற்று? மண்ணெண்ணெய்ப் பீப்பாயிலிருந்து ரப்பர்க் குழாய் வைத்து உறிஞ்சி விடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஒருமுறை குழாய் நிறைந்துவிட்டால், பின்னர் எவரும் உறிஞ்ச வேண்டுவதில்லை. எண்ணெய் தானாகவே ஏறி இறங்கி ஓடும். கம்மிங்கின் வளைகுழாயும் அத்தகையதே. முகம் கழுவும் தொட்டியை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டால், நிறைந்தோடும் நீர், வளைவில் தங்கவேண்டிய கடைசி நீரையும் தன்னுடன் இழுத்துச் சென்றுவிடும்.

மற்றொரு வழியும் உண்டு. மாடியிலிருந்து ஒருவர் கழிப்பறையில் நீரை விடுகிறார். அந்நீர் இறங்குகுழாயில் கட்டியாக விழும்போது, தனக்கு முன்னுள்ள காற்றை அழுத்திக்கொண்டும், தனக்குப் பின்னுள்ள காற்றை இழுத்துக்கொண்டும் செல்கின்றது. பின்னே காற்று குறைந்தால், அதனை ஈடுசெய்யக் கீழ்வீட்டுப் பூட்டிலுள்ள நீர் உறிஞ்சப்படும். முன்னே காற்று நெருக்கினால், அடிமாடியிலுள்ள பூட்டு குமிழியிட்டுப் பொங்கும். இதற்குப் பெரிய விசை வேண்டியதில்லை. நம் தலைமேலுள்ள காற்றின் அழுத்தம் 34 அடி உயர நீருக்குச் சமம். அதில் 200இல் ஒரு பங்கு மாறினாலே போதும். இரண்டங்குல நீர் இடம் பெயர்ந்துவிடும்.

இதற்கு மருந்து யாது? இளநீர் உறிஞ்சும் குழலில் நீரை நிரப்பி மேல்வாயை விரலால் மூடுங்கள், நீர் இறங்காது. விரலை எடுங்கள், உடனே இறங்கும். காற்று நுழைய வழி கிடைத்தால் உறிஞ்சும் விசை அறுபட்டுப் போகும். ஆகவே, பூட்டைத் தாண்டியதும் குழாயின் மேற்பக்கத்தில் மற்றொரு குழாயை இணைத்து, அதனைக் கூரைக்கு மேலே திறந்த வாயுடன் விட்டனர். குழாய்க்குள் காற்று குறைந்தால் வானிலிருந்து காற்று இறங்கும். மிகுந்தால் வானுக்கே ஏறிவிடும். பூட்டிலுள்ள நீர் அசையாமல் நிற்கும். இதுவே எங்கள் கொத்தனார் அறுக்க நினைத்த காற்றுக் குழாய். லண்டனில் ஸ்டீவன்ஸ் ஹெல்யர் என்னும் குழாய்த் தொழில் வல்லுநர், 1877 ஆம் ஆண்டில் நலமுள்ள வீடுகளுக்கான குழாய் அமைப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். அமெரிக்க நகரங்களிலும் காற்றுக் குழாய் சட்டமாயிற்று.

இந்நிலையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1880 ஆம் ஆண்டில் எபர்த் என்னும் ஜெர்மன் அறிஞர் டைபாய்டின் கிருமியைக் கண்டார். அது மாசடைந்த நீராலும் உணவாலும் பரவுவது என்பது நாளடைவில் உறுதியாயிற்று. நாற்றமே நோய் என்னும் பழைய கொள்கை வீழ்ந்தது. எந்த அச்சத்தால் காற்றுக் குழாய் வீடுகளில் ஏறிற்றோ, அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்றாயிற்று. பிழையான காரணத்துக்காகச் சரியான காரியத்தைச் செய்திருந்தனர். அப்படியானால் அக்குழாயை அகற்றிவிடலாமா? அகற்றவில்லை. சாக்கடைக் காற்றில் தீப்பற்றும் மீத்தேனும், மிகுந்தால் உயிரையே போக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. நாற்றமோ எவருக்கும் வேண்டாதது. ஆனால், நோய்க்கும் சாக்கடைக் காற்றுக்கும் தொடர்பு என்பது பாட்டிக்கதை என்று அறிஞருலகம் எண்ணத் தொடங்கிற்று. அந்த எண்ணமும் ஒரு நாள் தவறிப் போகவிருந்தது.

எத்தனை குழாய் வேண்டும்?

முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வீட்டுப் பஞ்சம் ஏற்பட்டது. கட்டுமானச் செலவைக் குறைக்க வழி தேடினார் அந்நாள் வணிகத்துறைச் செயலர் ஹெர்பர்ட் ஹூவர். பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். குழாய் அமைப்பில் ஊருக்கொரு சட்டம் இருந்தது. ஓரூரில் ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனிக் காற்றுக் குழாய் கட்டாயம். மற்றோரூரில் அதிற் பாதிகூட வேண்டியதில்லை. எது உண்மை என்று ஆராயும் பணி, வாஷிங்டனிலிருந்த தேசியத் தர நிர்ணய நிலையத்தைச் சேர்ந்த ராய் ஹண்டர் என்பவரிடம் வந்தது.

ஹண்டர் வாதம் செய்யவில்லை. குழாய்களை நிறுத்தி நீரை விட்டுப் பார்த்தார். இறங்குகுழாயில் விழும் நீர், குழாயின் உட்சுவரை வளையமாகப் பற்றிக்கொண்டே இறங்குகின்றது. நடுவே காற்றுக்கு ஒரு தண்டு போன்ற இடம் மிஞ்சுகின்றது. குழாயின் பரப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் நீர் அடங்கும் வரையில் எல்லாம் நலம். அதனை மீறினால் நீர் கட்டிகளாகத் திரண்டு காற்றை இழுத்தும் தள்ளியும் பூட்டுக்களைக் குலைக்கின்றது. அதாவது, கழிவுநீர்க் குழாய் என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி காற்றுக்கே உரியது!

நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு கன அடி நீர் விடும் முகத்தொட்டியை ஓர் அலகாகக் கொண்டு, மற்ற சாதனங்களையெல்லாம் அந்த அலகால் அளக்கும் வழக்கமும் இந்த ஆராய்ச்சிகளிலிருந்து பிறந்தது. 1924 ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையை மக்கள் "ஹூவர் விதிநூல்" என்றே அழைத்தனர். ஒரு கட்டடத்தில் எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் திறக்கப்படுவதில்லை என்பதைக் கணித முறையால் ஆராய்ந்து, 1940 ஆம் ஆண்டில் ஹண்டர் மற்றோர் அறிக்கையும் வெளியிட்டார். 1950களில் இங்கிலாந்தின் கட்டட ஆராய்ச்சியாளர்கள், சாதனங்கள் இறங்குகுழாய்க்கு அருகிலேயே இருந்து, அளவுகளும் சரியாக இருந்தால், கூரைக்கு மேல் திறந்த அந்த ஒரே குழாய் கழிவையும் காற்றையும் சேர்த்தே தாங்கும் என்று காட்டினர். காற்றுக்கு வழி வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. எத்தனை வழி என்பதிலேதான் கருத்து வேறுபட்டது.

ஹாங்காங் கற்பித்த பாடம்

2003 ஆம் ஆண்டு மார்ச் மாதம். சார்ஸ் என்னும் புதிய நோய் ஹாங்காங்கில் பரவிக்கொண்டிருந்தது. கவுலூன் பகுதியில் அமோய் கார்டன்ஸ் என்ற குடியிருப்பு. அதன் கட்டடங்கள் 33 மாடிகள் உயர்ந்தவை. அந்நோய் கண்ட ஒருவர், வயிற்றுப்போக்குடன், மார்ச் 14ஆம் நாளும் 19ஆம் நாளும் 'ஈ' பிரிவுக் கட்டடத்திலிருந்த தம் சகோதரர் வீட்டில் தங்கிக் கழிப்பறையைப் பயன்படுத்திச் சென்றார். சில நாட்களில் அக்குடியிருப்பில் நோயாளிகள் நூற்றுக்கணக்கில் பெருகினர். ஒருவரையொருவர் கண்டறியாத, வெவ்வேறு மாடிகளில் வசித்தவர்கள் அவர்கள். மார்ச் 31 அன்று கட்டடமே அடைக்கப்பட்டது. மறுநாள் குடியிருந்தோர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 300க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 42 பேர் மாண்டனர்.

நோய் எவ்வழியே நடந்தது? ஆராய்ந்தவர்கள் குளியலறைத் தரையைச் சுட்டினர். ஒவ்வொரு குளியலறையிலும் தரைநீர் போக ஓர் ஓட்டையும், அதனடியில் வளைந்த நீர்ப்பூட்டும் இருந்தன. ஆனால் மக்கள் தரையில் நீரூற்றிக் கழுவாமல் துணியால் துடைத்து வந்தனர். ஊற்றுவாரின்றிப் பூட்டிலிருந்த நீர் ஆவியாகிப் போயிற்று. குளியலறையின் காற்றாடி ஓடும்போது, அறையின் காற்றை வெளியே தள்ளிற்று. அந்த இடத்தை நிரப்ப, வறண்ட ஓட்டை வழியே இறங்குகுழாயின் காற்று நுண்ணிய நீர்த்திவலைகளுடன் உள்ளே ஏறிற்று. காற்றாடி தள்ளிய நச்சுக்காற்று, வீடுகளுக்கு நடுவேயிருந்த குறுகிய வெளியில் மேலெழுந்து பிற சன்னல்களில் நுழைந்தது. அக்கட்டடத்தின் காற்றுக் குழாயில் ஒரு விரிசலும் காணப்பட்டது.

1871இல் அஞ்சியவர்களை 20 ஆம் நூற்றாண்டு நகைத்தது. 21 ஆம் நூற்றாண்டோ, அவர்கள் நோயின் பெயரில் தவறினாலும், அது வரக்கூடிய வாயிலைச் சரியாகவே காவல் செய்தனர் என்று ஒப்பவேண்டி வந்தது. ஹாங்காங் அரசு மக்களுக்குக் கூறிய அறிவுரையோ மிக எளியது: வாரம் ஒருமுறை ஒவ்வோர் ஓட்டையிலும் அரை லிட்டர் நீர் ஊற்றுங்கள் என்பதே அது.

அப்பாடம் முழுவதும் மனத்திற் பதியவில்லை போலும். 2020 ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று விடியுமுன்னர், ஹாங்காங்கின் சிங் யீ தீவில் ஹாங் மெய் ஹவுஸ் என்ற கட்டடத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். கொரோனாத் தொற்று வெவ்வேறு மாடிகளில் இருவருக்குக் கண்டிருந்தது. இருவர் வீடுகளும் ஒரே குழாய் வரிசையில் நேர்மேலும் நேர்கீழுமாக அமைந்தவை. கீழ்வீட்டின் கழிப்பறையைச் செப்பனிட்டு மாற்றியபோது, காற்றுக் குழாய் மூடப்படாமல் விடப்பட்டிருந்ததை அதிகாரிகள் கண்டனர். நோய் அவ்வழியே வந்திருக்கலாம் என்று ஐயுற்றே மக்களை வெளியேற்றினர். இதனைப் படித்தபோது எங்கள் வீட்டுச் சுவரின் மூலையிலிருந்த குழாய் என் கண்முன் நின்றது.

நம் இல்லத்தில்

குளியலறையைப் புதுக்க எண்ணும் குடும்பத்தார், ஓடுகளின் நிறத்தைத் தேர்வதற்கு முன் குழாய்களின் வழியை ஒரு தாளில் வரைந்துகொள்வது நன்று. முதலில் இறங்குகுழாய் எங்கே என்று குறியுங்கள். அதற்கு மிக அருகில் கழிப்பறைப் பீங்கான் அமையட்டும். அதற்கு நான்கங்குலக் குழாய் வேண்டும்; பீங்கானுக்குள்ளேயே அதற்குரிய பூட்டு இருப்பதால் மற்றொரு பூட்டு வைத்தல் தவறு. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பூட்டு வைத்தால் இடையில் காற்று சிறைப்பட்டு நீர் போக்குத் தடைப்படும்.

கிடைக்குழாய்க்கு ஓரடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுப்பது மரபு. மிகுந்த சரிவு நல்லது என்று பலர் எண்ணுவர், அது பிழை. பூட்டுக்கும் காற்றுக் குழாய்க்கும் இடையே குழாய் தன் விட்டத்தின் அளவுக்கு மேல் தாழ்ந்துவிட்டால், காற்று நுழையும் வாயை நீரே மூடிவிடும். ஒன்றரை அங்குலக் குழாய், அடிக்குக் கால் அங்குலம் சரிந்தால், ஆறடியில் ஒன்றரை அங்குலம் தாழ்கின்றது. ஆதலால்தான் அமெரிக்க விதிநூல்களுள் ஒன்று அதற்கு ஆறடியே எல்லை என்கிறது. மற்றொன்று மூன்றரை அடிக்கே நிறுத்துகின்றது. கம்மிங் கண்ட 'எஸ்' வளைவு நேரே தரைக்குள் இறங்குவதால் இந்த இடைவெளிக்கே இடந்தருவதில்லை. எனவே அமெரிக்காவில் புதிய வீடுகளுக்கு அதனை விலக்கிவிட்டனர். அதற்கு ஈடாகச் சுவருக்குள் கிடையாகத் திரும்பும் 'பி' வளைவு நிற்கின்றது.

காற்றுக் குழாயைக் கிடைக்குழாயின் மேற்பக்கத்தில் இணைத்து, மேல்நோக்கி எழுப்ப வேண்டும். முகத்தொட்டியின் விளிம்புக்கு ஆறங்குலம் மேலே செல்லும்வரை அதனைக் கிடையாகத் திருப்புதல் கூடாது. தாழத் திருப்பினால், அடைப்பு நேரும் நாளில் அழுக்கு அதற்குள் ஏறித் தங்கிவிடும்; அதனைக் கழுவிச் செல்ல அங்கே நீரோட்டம் இல்லை. அதன் மேல்வாய் சன்னல்களை விட்டு எட்டி, கூரைக்கு மேல் திறந்திருக்க வேண்டும்.

சலவை இயந்திரத்துக்குத் தனிக்கவனம் தேவை. அது நீரைச் சிந்துவதில்லை. பம்பினால் விசையுடன் தள்ளுகின்றது. அதன் குழலைக் குளியலறைத் தரையில் போட்டுவிடுவதே நம் வீடுகளில் பெருவழக்கு. சோப்பு நுரை தரைப்பூட்டில் பொங்கி மேலே வருவது அதனால்தான். இரண்டங்குலக் குழாய் ஒன்றைப் பூட்டுக்கு மேல் ஒன்றரை அடியேனும் நிமிர்த்தி நிறுத்தி, அதன் திறந்த வாயில் குழலைத் தொங்கவிடுக; வாயை இறுக அடைத்துவிட வேண்டாம். அதற்கும் காற்றுக் குழாயின் இணைப்பு இருக்கட்டும்.

தரை ஓட்டைக்கு நம் கடைகளில் "நஹானி டிராப்" என்ற பெயரில் விற்பனையாகும் பூட்டில் நீர் நிற்கும் ஆழம் இரண்டங்குலமாவது உண்டா என்று அளந்து வாங்குக. ஒளுச் செய்யும் இடத்துக்கும் இதுவே விதி. அங்கே நாளும் ஐந்து வேளை நீர் விழுவதால் பூட்டு வறளுவதில்லை. வறளுவது விருந்தினர் அறையிலும், பூட்டிக் கிடக்கும் வீடுகளிலுமே. வளைகுடா நாடுகளில் வாழும் மக்களின் இல்லங்கள் நம் ஊர்களில் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கின்றன. திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வீசும் வாடைக்கு, நீரிழந்த பூட்டும் ஒரு காரணம். சாவியை வைத்திருக்கும் உறவினர், விளக்கைப் போட்டுப் பார்ப்பதோடு ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு செம்பு நீர் ஊற்றிவிட்டு வருவாராயின், அது வீட்டுக்குச் செய்யும் பெரிய காவலாகும்.

எங்கள் கொத்தனாரிடம் இந்த வரலாற்றின் சுருக்கத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அலமாரியை எதிர்ச்சுவரில் வைத்துவிடலாம், பாய்" என்றார். குழாய் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. சலவை அறைக் குழாயையும் அதனுடன் இணைத்திருக்கிறோம். அதில் இன்றும் தண்ணீர் வருவதில்லை. தண்ணீர் தங்க வேண்டிய இடத்தில் தங்குவது அதனால்தான்.